மேரிக்கு விதைத்த கௌபி

மாட்டுத் தீனியை மோந்துகொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன மாதம் நடந்தது. கண்டியில் பஸ் ஏறி, கம்பளையில் ஜன்னலோரம் கிடைத்து, புசல்லாவைக்கு வந்துகொண்டிருக்கிறேன். முன்னால் தார்ப்பாய் போட்டு மூடிய லொறி ஒன்று ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. அதிலிருந்து ஒரு வாடை. பழஞ்சோற்றுத் தண்ணீரில் வினாகிரியை ஊற்றி, பச்சைப்புல்லைக் கசக்கிப் போட்ட மாதிரி. பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் தலையை வெளியே நீட்டி, கல்யாண வீட்டில் புரியாணிச் சட்டியைத் திறந்ததுபோல இழுத்து இழுத்து மோந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தன் பையை மெல்ல மடிக்கு மாற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் வந்தார்.

"அண்ணே, ஒங்க எடம் போயி ரெண்டு வளைவு ஆச்சு."

இறங்கித் திரும்பி நடந்தேன். நடக்கிறவனுக்கு வேறு வேலை என்ன, பழசை நினைப்பதைத் தவிர.

அந்த வாடைக்குப் பெயர் சைலேஜ். பச்சைத் தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து அடைத்து, புளிக்க வைப்பது. மாட்டுக்கு ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, எனக்கு மாடு இருந்ததா என்று கேட்பீர்கள். கிடையாது. கோழிகூட வளர்த்ததில்லை. நான் கண்டியில் புடவைக்கடையில் சேலை மடிப்பவன். மாடு வைத்திருந்தது சண்முகம். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அவன் அடுத்த லயம், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு.

மாட்டின் பெயர் மேரி. நாவலப்பிட்டியில் ஒரு வேதக்கார வீட்டில் வாங்கியது. பெயரை மாற்றினால் திரும்பிப் பார்க்காது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று மேரிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுவார்கள். மேரி ஒன்றும் சொன்னதில்லை.

நாட்டில் எதுவுமே கிடைக்காத காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கும் வரிசை. பஸ் இல்லை, சேலை வாங்க ஆள் இல்லை. எங்கள் முதலாளி நல்ல மனுசன். "கொஞ்ச நாளைக்கு வீட்ல இரிங்க தம்பி, நான் சொல்லி அனுப்புறன்" என்றார். வந்து ஊரில் இருந்தேன். ஒருநாள் பால்மா வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் சண்முகம் நிற்கிறான்.

"மாட்ட வச்சிக்கிட்டு பால்மா கியூவுல நிக்கிறியேடா, வெக்கமா இல்ல?"

"பாலு லொறிக்குடா. கியூவுல நிக்கிறது டீக்கு."

அந்த வரிசையில்தான் விஷயம் தெரிந்தது. அவனுடைய பாஸ்போர்ட் கண்டியில் ஏஜென்சிக்காரனிடம் இருந்தது. கட்டாருக்கு வேலைக்குப் போக. ஒவ்வொரு கோடையிலும் புல் காயும், மேரிக்குப் பால் வற்றும், வீட்டுக்கு அவன் மனைவி லெச்சுமி பறிக்கும் தேயிலைக் கொழுந்து மட்டும்தான் மிச்சம். புண்ணாக்கு வாங்கிப் போட்டுச் சமாளித்த காலம் போய்விட்டது, கடையில் புண்ணாக்கே இல்லை. லெச்சுமி ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள்: "இந்தக் கோடைக்கு மேரி பால் வத்தாம நின்னா நீ போக வேணாம். வத்துனா போ."

அந்த நேரம் பார்த்து, கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் மாட்டுக்காரர்களுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். சண்முகத்துக்குப் பால் கறக்க வேண்டும். "நீ சும்மாதானே இருக்க, போய்ட்டு வா" என்று என்னை அனுப்பினான். மத்தியானம் சோறும் கோழிக்கறியும். அந்த நாளில் கோழிக்கறி போட்டு யார் என்ன சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். சோளத்தை வரிசையாகப் போடு, வரிசைக்கு நடுவே கௌபி, அதாவது தட்டைப்பயறு, போடு என்றார்கள். சோளம் மாட்டுக்குத் தெம்பு, கௌபி புண்ணாக்குக்குப் பதில். கௌபியின் வேர் மண்ணுக்கும் கொஞ்சம் உரம் கொடுக்கும். உரம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்த காலம். கடைசியாக ஒன்று சொன்னார்கள்: கௌபி பூத்து, சோளம் பால் பிடித்ததும் வெட்டி, கோடைக்குச் சைலேஜாக அடைத்துவிட வேண்டும். காய்க்க விடக்கூடாது.

ஊருக்கு வந்து இறங்கும்போதே நான் நிபுணன். "பூத்ததும் வெட்டணும்" என்று கேட்டவனுக்கும் சொன்னேன், கேட்காதவனுக்கும் சொன்னேன். சண்முகம் எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தான்.

லயத்துக்குப் பின்னால் தேயிலை கைவிட்டுப் போன துண்டு நிலம். மழைக்கு முன் கொத்தி, விதைத்தோம். நான் போட்ட வரிசை பாம்பு போன வழி மாதிரி இருந்தது. "டாக்டரு ராவுல போட்டாரா?" என்று லெச்சுமி கேட்டாள். கோணலாகப் போட்டாலும் முளைத்தது. எங்கள் குளிருக்குக் கௌபி நொண்டி நொண்டித்தான் வளரும். ஆனால் சோளத்தண்டு கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது. ஒரு விடியலில் போய்ப் பார்த்தால் ஊதாப் பூ. சோளக்கதிரை உரித்து நகத்தால் கீறினேன், பால் தெறித்தது.

"பூத்துருச்சு, வெட்டணும்" என்றேன். சண்முகம் கத்தி தீட்டிக்கொண்டு வந்தான். கொழுந்துக்குப் போகிற வழியில் லெச்சுமி நின்றாள்.

"ஒரு வாரம் விடுங்க அண்ணே. காய் பிடிக்கட்டும்."

"காய் பிடிச்சா தண்டு முத்திரும்மா. மாட்டுக்கு ஆகாது."

"அரிசி விக்கிற வெல மேரிக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். சண்முகம் என்னைப் பார்த்தான். நான் எதிர்மலையைப் பார்த்தேன். மலையில் பார்க்க ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்த்தேன். கத்தியை உறையில் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

ஒரு வாரம் இன்னொரு வாரமானது. கௌபி காய்த்தது, முற்றியது. சோளக்கதிர் கனத்துத் தொங்கியது. எந்த வீட்டில் ராத்திரி அடுப்பு எரியவில்லை என்பது லயத்தில் ஒளித்து வைக்கக்கூடிய விஷயமில்லை. லெச்சுமி ஒரு கூடையோடு இறங்கினாள்.

"மனுசன் திங்கிறத மாட்டுக்குப் போட்டா சாமிக்கு அடுக்குமா?"

"மாடுதான் சாமின்னு பொங்கலுக்குச் சொன்னியே" என்றான் சண்முகம்.

"அது பொங்கலுக்கு."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு கதிர் கொடுத்தாள், கௌபியை உரித்து எல்லாருக்கும் பங்கு வைத்தாள். அன்று லயம் முழுக்க அவித்த சோள வாசம். பிள்ளைகள் கதிரை வாயில் வைத்து மௌத் ஓர்கன் மாதிரி இழுத்தார்கள். நானும் தின்றேன். நன்றாக இருந்தது. இனிப்பு.

மிச்சமிருந்த தண்டை நறுக்கி நீலப் பீப்பாயில் போட்டோம். மிதிக்கிற வேலை எனக்கு. பீப்பாய்க்குள் இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, ஒரே இடத்தில் நின்று கோயில் திருவிழா மாதிரி ஆடினேன்.

"நல்லா மிதி டாக்டரே, காத்து போகணும்."

"அப்பிடியே மூடி போட்டு மூடிருவோமா?" என்றாள் லெச்சுமி.

நாங்கள் மூன்று பேரும் கடைசியாக ஒன்றாகச் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். முற்றிய தண்டு அமுங்கவில்லை. மிதித்தால் கீழே போய், காலை எடுத்ததும் மேலே வந்தது. பீப்பாயும் நிறையவில்லை. மேலே சாக்கை வைத்து, கல்லை வைத்து, பொலித்தீனால் கட்டினோம். அது போதும் என்று நான்தான் சொன்னேன். போதாது என்று சொல்லியிருந்தாலும் போட வேறு எதுவும் இருக்கவில்லை.

கோடையில் திறந்தோம். வினாகிரி வாடை வரவில்லை. நனைந்த சாக்கு வாடை வந்தது. வெள்ளையாகப் பூஞ்சணம். கையை விட்டு அடிவரை கிளறினோம், அடியில் கறுப்பு. நல்லதாகத் தெரிந்த ஒரு பிடியைச் சண்முகம் மேரியிடம் நீட்டினான். மேரி மோந்தது, ஊதியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. சண்முகம் "சரி" என்றான். போய்க் கை கழுவினான். லெச்சுமி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் டீ ஊற்றினாள். பால்மா இல்லை, வெறும் சாயம். குடித்தோம்.

பால் குறைந்தது. பால் லொறி எங்கள் சந்தியில் நிற்காமல் போகப் பழகிக்கொண்டது. நாவலப்பிட்டியிலிருந்து ஒரு வியாபாரி வந்து மேரியைப் பிடித்துக்கொண்டு போனான். அப்புறம் சண்முகம் போனான். அன்று பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன், லெச்சுமிக்கு மலையில் வேலை. "வரேன்டா" என்றான். "ம்" என்றேன். பஸ் புகை கக்கிக்கொண்டு போனது.

லெச்சுமி செய்தது சரியா? சரிதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். லயத்துப் பிள்ளைகள் சோளம் தின்றார்கள், சண்முகம் கட்டாரில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கன்னம்.

முதலாளி சொல்லி அனுப்பினார், நான் சேலை மடிக்கப் போய்விட்டேன். இப்போது எங்கள் லயங்களில் ஒரு மாடுகூட இல்லை. மேரியின் கொட்டிலில் உடைந்த டிஷ் அன்டனாவும் விறகும். நீலப் பீப்பாய் கூரைத் தண்ணீர் பிடிக்கிறது, லெச்சுமி அதில் துணி அலசுகிறாள். விதைத்த நிலத்தில் மண் கொட்டி, லொறி திருப்ப இடம் பண்ணியிருக்கிறார்கள்.

அன்று அந்த இரண்டு வளைவும் நடந்து வந்தபோது, லொறி திருப்புகிற இடத்துக் கம்பிவேலியில் ஒரு கொடியைப் பார்த்தேன். எப்போதோ உதிர்ந்த விதை. சோளம் இல்லாததால் முள்ளுக்கம்பியைப் பிடித்து ஏறியிருக்கிறது. ஊதாப் பூ. போனை எடுத்துப் படம் பிடித்து, "நம்ம கௌபிடா" என்று எழுதி அவனுக்கு அனுப்பினேன்.

உடனே பார்த்துவிட்டான். பதில் வந்தது.

"பூத்துருச்சுல்ல. வெட்டு."