காயத்துக்கு அரைப் பேர்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். என் வலது கையில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. நோர்வூட் பக்கம் வந்தால் காட்டுகிறேன். அவை எப்படி வந்தன என்று என்னைவிட நன்றாக உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் கிஷாந்த். கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டவன். இரவு வேலைதான் எனக்குச் சரி, மனிதர்கள் குறைவு. நுவரெலியாவில் பிரதாபன் என்பவர் நடத்திய சின்னக் கம்பெனியில் இருந்தேன். தேயிலைத் தோட்டங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது தொழில். அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகும் வழியில் இருக்கிறது. அங்கே பூட்டிக் கிடந்த பழைய தொழிற்சாலையின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில், பலகை அடித்து ஓர் அறை செய்திருந்தார்கள். உள்ளே ஒரு லினக்ஸ் சர்வர், ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான்.

தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான், வெளியாருக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். நாள் முழுக்க நின்றால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். இதுவரை வெளிக்கள உத்தியோகத்தரான கண்டாக்கு ஐயா கையால் போட்டு வந்ததை இனிமேல் சர்வரே போடும். காலை ஆறு மணிக்கு ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுக்குள் புதிய பதிப்பு ஓட வேண்டும்.

இரவு 12.40க்கு பில்ட் விழுந்தது.

பில்ட் என்றால், எழுதிய கோப்புகளை எல்லாம் சேர்த்து ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டுவது. கட்டி முடிந்ததும் முந்தைய நாளின் உண்மைப் பதிவுகளைப் போட்டுச் சர்வர் தானே சோதித்துப் பார்க்கும். ஒரு விடை பிசகினாலும் சிவப்பு எழுத்தில் நின்றுவிடும். அன்று பிசகியது ஒரே ஓர் ஆளின் பதிவு. 114ஆம் நம்பர். வர வேண்டியது 0.5. வந்தது 1.

பிரதாபனுக்குப் போன் எடுத்தேன்.

“காலையில தோட்டத்துத் தொர முன்னால ஓடணும். ஓடலன்னா நீ அப்படியே வீட்டுக்குப் போயிரு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“என்ன புரிஞ்சுது?”

“நீங்க தூங்கப் போறீங்கன்னு.”

போனை வெட்டிவிட்டார். எனக்கு வாய் அப்படி. ஆனால் அந்த வேலை போனால் என்னைச் சேர்த்துக்கொள்ள வேறு இடம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

கோப்பைத் திறந்தேன். 212ஆம் வரியில் 1 என்று இருந்தது. யாரோ பிழையாக அடித்திருக்கிறார்கள். 0.5 என்று மாற்றிச் சேமித்து, மறுபடி ஓட்டினேன். சிவப்பு. திறந்து பார்த்தேன். 1.

சேமிக்க மறந்திருப்பேன் என்று இன்னொரு முறை செய்தேன். அதே 1.

சர்வருக்குள் வேறு யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். நான் மட்டும்தான். தானாக எழுதும் நிரல் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பிரதாபன் வெளியிலிருந்து விளையாடுகிறாரோ என்று நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். இப்போது அந்த இயந்திரத்துக்கும் உலகத்துக்கும் தொடர்பே இல்லை.

ஓட்டினேன். 1.

லினக்ஸில் ஒரு பூட்டு உண்டு. அதைப் போட்டால், பூட்டைத் திறக்காமல் கோப்பில் யாரும் ஓர் எழுத்துகூட மாற்ற முடியாது. எல்லா அதிகாரமும் உள்ள பயனராலும் முடியாது. 0.5 என்று எழுதி அந்தப் பூட்டைப் போட்டேன். நானே மாற்றிப் பார்த்தேன். மறுத்தது. நல்லது.

ஓட்டினேன். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே… 1.

“சரி, யாருன்னு பாத்துருவோம்” என்றேன் சத்தமாக. பயம் இல்லை. எரிச்சல்.

அப்போது படியில் காலடிச் சத்தம். இரவுக் காவல்காரர் பழனியாண்டி அண்ணன், கையில் டோர்ச் லைட். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“தம்பி, கூட யாரு?”

“யாருமில்லண்ணே.”

“பொம்பள ஆளு யாராச்சும் ஏறி வந்தாங்களா?”

“நடுச் சாமத்துல என்னத் தேடி எந்தப் பொம்பளண்ணே வரப்போறா?”

அவர் சிரிக்கவில்லை.

“படியெல்லாம் ஈரமா கெடக்கு. கால் தடம் மாதிரி. மேலதான் வருது… எறங்கல.”

பெப்ரவரி மாதம். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. நான் அதைச் சொல்வதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

மணி 2.15.

சர்வரின் விசிறிச் சத்தம் கூடியிருந்தது. சூடாகிவிட்டது போல என்று கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சத்தம் அதிலிருந்து வரவில்லை.

தலைக்கு மேலிருந்து வந்தது.

ம்ம்ம்ம்ம்…

தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். குளவி. ஒன்றல்ல. ஒரு கூடே கலைந்த சத்தம். யோசிக்கவே இல்லை. குப்புற விழுந்தேன். ஜெக்கட்டை இழுத்துத் தலையை மூடினேன். அசையக் கூடாது. நடக்கப் பழகும் வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தருவது அது.

குளவி இரவில் பறக்காது. அந்தக் குளிரில் பறக்கவே பறக்காது. அது தரையில் கிடக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜெக்கட்டின் ஓரத்தை மெல்ல விலக்கினேன்.

மேசைக்கு அடியில் இரண்டு கால்கள்.

வெறுங்கால்கள். பெண்ணின் கால்கள். கணுக்காலில் அட்டை கடித்து வழிந்த இரத்தம். கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கின் ஓரம் தொங்கியது. அதிலிருந்து தண்ணீர்.

சொட்… சொட்…

மேலே விசைப்பலகையில் ஒரு விசை அமுங்கியது.

டக்.

ஒன்றுதான்.

எழுந்தேன்.

யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. நாற்காலிக்குக் கீழே ஈரம். திரையில் 1.

எனக்குக் கோபம் வந்தது. அப்பட்டமான கோபம்.

“இது என் வேல. போனா எனக்கு வேற இல்ல. போங்க இங்கேர்ந்து!”

பூட்டைத் திறந்து 0.5 அடித்தேன். புறங்கையில் நெருப்பு வைத்தது போல ஒரு கொட்டு.

விரலை எடுத்துப் பார்த்தேன். 1.

மறுபடி அடித்தேன். இன்னொரு கொட்டு. கை கண்ணெதிரே வீங்கியது.

ம்ம்ம்ம்…

“கொட்டுங்க” என்றேன். “எவ்வளவு வேணும்னாலும் கொட்டுங்க.”

மூன்றாம் முறை விரலை வைத்தேன்.

அப்போதுதான் அந்த வரியைப் படித்தேன். அதுவரை எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தேன். பாதி நாளில் தேயிலை மலையிலிருந்து இறங்கியவர்களுக்குக் காரணம் வாரியாகப் போட்ட வரிகள் அவை. சொல்லாமல் போனால் 0. நோய் 0.5.

212ஆம் வரி, காயம்.

அதாவது, வேலை நேரத்தில் அடிபட்டுத் தூக்கிக்கொண்டு போனாலும் அரைப் பேர்.

என் அம்மாவும் கொழுந்து எடுப்பவர்தான். அதனால் மனம் மாறினேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி இல்லை. அந்த வரி கேவலமாக இருந்தது. அவ்வளவுதான்.

1ஐ அப்படியே விட்டேன். சோதனைக் கோப்பைத் திறந்தேன். 114க்கு வர வேண்டிய விடையை 1 என்று மாற்றினேன். வலது கை மடங்கவில்லை. இடது கையால்தான் அடித்தேன்.

ஓட்டினேன்.

பச்சை.

சத்தம் நின்றது.

விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மணி 3.26.

“முழுப் பேர் போட்டாச்சு” என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஐந்தரைக்குப் பிரதாபன் வந்தார். ஓட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“காயத்துக்கு முழுப் பேர் போடச் சொல்லி எவன்டா சொன்னது?”

“நான்தான் போட்டேன்.”

“மாத்து.”

“மாட்டேன்.”

“வேல வேணாமா?”

“வேணாம். நீங்களே உக்காந்து மாத்துங்க. கையுறை போட்டுக்கங்க.”

இறங்கி வந்துவிட்டேன். அவர் அன்றே மாற்றினார். இரவில் பில்ட் விழுந்தது. எனக்குப் பிறகு வந்த இரண்டு பேரும் முயன்றார்களாம். ஒருவன் வீங்கிய கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். கடைசியில் 1 என்றே விட்டுவிட்டார்கள். இன்றும் 1தான் ஓடுகிறது.

அன்று காலை வாசலில் என் கையைப் பார்த்ததும் பழனியாண்டி அண்ணன் நின்றுவிட்டார்.

“குளவி கொட்டுனதுல்ல? நேத்து பத்து மணிக்கு ஏழாம் நம்பர் மலையில கூடு கலஞ்சிருச்சு தம்பி. பதினாறு பொம்பளைங்க. பதினஞ்சு பேர் கீழ ஓடி வந்துட்டாங்க. ராக்காயி மட்டும் மேல மாட்டிக்கிட்டா. நெனவில்லாம ஆஸ்பத்திரியில கெடக்கா.”

“அவங்க நம்பர் என்னண்ணே?”

“நூத்திப் பதினாலு.”

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நான் பார்த்தது ராக்காயி அக்காவின் கால்கள். உயிர் ஆஸ்பத்திரியில் ஊசலாடிக்கொண்டிருக்க, அவர் அங்கே வந்து நின்றார். அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் நாள் அவர் கண் விழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் கால்களிலும் கொட்டு.

“நீங்கதான் முழுப் பேர் போட்ட தம்பியா?”

“ஆமாங்கக்கா.”

“முதுகுல ஒரு கொட்டு இல்லியாம். கழுத்துல இல்லியாம். டாக்டரு திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. அவருக்கு எப்படிப் புரியும்?”

கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் குப்புறப் படுத்துட்டேன் தம்பி. என் மேல ஒருத்தி கவுந்து படுத்துக்கிட்டா. அவ்வளவு கனம். மழையில நனஞ்சவ மாதிரி அவ படங்குலேர்ந்து தண்ணி சொட்டுது. என் முதுகுல விழ வேண்டிய கொட்டு பூராவும் அவ மேலதான். ஒரு சத்தம் போடல. என் மூஞ்சி மண்ணுல… யாருன்னு பாக்கல.”

மற்றப் பதினைந்து பேரும் கீழே ஓடி வந்துவிட்டார்கள் என்று பழனியாண்டி அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

வீங்கிய என் கையைத் தன் வீங்கிய கையால் பிடித்தார்.

“அவளுக்கும் முழுப் பேர் போட்டீங்கதானே?”