ரேஞ்சு கிடைக்கிற இடத்தில் ஒரு கந்தராஜன்

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, சித்தி மடியில் ஒரு பெயின்ட் டப்பாவை வைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள். டப்பாவில் ஒரு கந்தராஜன் பூச்செடிக் கன்று. நகைப்பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். டப்பாவை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை.

சித்தப்பாவுக்குச் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை. மழைக்கு முன்னால் நிழல்மரங்களில் கயிறு கட்டி ஏறி, கிளை கழித்து, கீழே ஏலத்துக்கு வேண்டிய அளவு வெளிச்சம் விடுவார். சித்தி ஏலப்பாறைக்காரி. தேயிலைக் காட்டில் பிறந்து, படிப்பை நிறுத்திய நாளிலிருந்து கொழுந்து கிள்ளியவள். இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் அங்கே வெட்டவெளி, இங்கே நடுப்பகலிலும் மரத்தடி.

"எங்க ஊர்ல நிமிந்தா வானம். இங்க மரத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் பாக்கணும் போல" என்றாள் வந்த வாரமே.

வீட்டுக்குப் பின்னால், பலாமரத்து நிழலில், ஒரு மண்மேடு உண்டு. போனுக்கு ரேஞ்சு கிடைப்பது அந்த மேட்டில் மட்டும்தான். கன்றை அங்கேயே நட்டாள். சாயங்காலம் ஏலப்பாறையில் இருக்கும் தன் அம்மாவிடம் பேசப் போகும்போது அப்படியே தண்ணீரும் ஊற்றிவிடலாம் என்று திட்டம். எங்கள் வீட்டு டீத்தூள் சக்கை முழுவதும் அதற்குத்தான் போனது. செடியும் நன்றாகத்தான் வந்தது. கரும்பச்சையாக, அடர்த்தியாக, உயரம் போகாமல் பக்கவாட்டில் பரந்து, மேலே சீப்பால் வாரியதுபோல மட்டமாக. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பூதான் இல்லை. முதல் வருஷம், கன்றுதானே என்று விட்டோம். அடுத்த வருஷமும் ஒரு மொட்டுகூட இல்லை.

அந்தக் கிறிஸ்மஸ் முடிந்ததும் சித்தி கெடு வைத்தாள். "எடவப்பாதிக்குள்ள பூக்கலன்னா இதுக்கு இந்த மண்ணு ஒத்துவரலன்னு அர்த்தம். பிடுங்கிட்டு எங்க வீட்டுக்கே கொண்டு போயிருவேன்."

ஜூன் மாத மழைக்கு எங்கள் பக்கத்தில் எடவப்பாதி என்று பேர். செடி போனால் சித்தியும் கூடவே போய்விடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் கொண்டுவந்த சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்கடியில், பாதித் துணியோடு, பூட்டியபடியே கிடந்தது. சித்தி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே அடிக்கிற ஒரு ஆள் கிடைத்திருந்தாள். அவளை ஏலப்பாறைக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

நிழல்தான் குற்றவாளி என்று முதலில் முடிவு செய்தேன். சித்தப்பாவை நச்சரித்ததில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து பலாமரத்தில் ஏறி ஒரு கிளையை இறக்கினார். அது நேராகக் கோழிக்கூட்டின் மேல் இறங்கியது.

"ஏலத்துக்கு வெளிச்சம் விடுங்க தம்பி, சரி. கோழிக்கு எதுக்கு?" என்றார் அம்மா.

வெளிச்சம் வந்தது. மொட்டு வரவில்லை. அடுத்து நத்தையைச் சந்தேகித்தேன், பிறகு பக்கத்துத் தொழிலாளர் லயத்து ஆட்டை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஒரு சாயங்காலம் குளியலறைச் சுவருக்குப் பின்னால் பதுங்கினேன்.

சித்தி வந்தாள். தண்ணீர் ஊற்றினாள். போனை இடது காதில் வைத்துக்கொண்டாள். "ம்… சாப்ட்டேம்மா… இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." வலது கை தன்பாட்டுக்குச் செடியின் மேல் இறங்கியது. நுனியில் இரண்டு இலையும் குருத்தும், பட். தோளுக்குப் பின்னால், முதுகில் இல்லாத கூடைக்குள் வீசினாள். மறுபடி பட். செடியை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பேசி முடித்து அவள் போனதும் கோழிகள் வந்து கீழே கிடந்ததைக் கிளறிக் கலைத்துவிட்டன. தடயமே இல்லை.

கந்தராஜன் மொட்டு வைப்பது கிளை நுனியில் என்று, தாவரவியல் படிக்கிற இன்று எனக்குத் தெரியும். அன்று தெரிந்தது, ஆளைப் பிடித்துவிட்டேன் என்பது மட்டும்தான். சித்தப்பாவிடம் ஓடினேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தினமுமா கிள்ளுதா?"

"செடியைப் பாத்தா தெரியலையா சித்தப்பா? தேயிலை மாதிரில்ல மட்டமா நிக்கு."

"பேசும்போது அழுதாளா?"

"இல்லையே. நல்லாருக்கேன்னுதான் சொன்னாங்க."

மரமேறுகிற கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். "அவகிட்ட சொல்லிராத ட்டி" என்றார்.

மறுநாள் வேலை விட்டதும் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வந்தார். சித்தி மேட்டுக்குப் போனபோது கூடவே போனார். அவள் போனைக் காதில் வைத்ததும், வலது கையைப் பிடித்துக்கொண்டார். சித்தி அவரைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், கையை உருவப் பார்த்தாள்.

"விடுங்க. புள்ள பாக்குது."

"பாக்கட்டும். மேடு வழுக்குது."

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. மேடு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஜன்னலில் நின்ற எனக்குச் சித்தப்பாவின் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. கிள்ளுகிற ஆளுக்கே தெரியாமல் கிள்ளுகிற கையைப் பிடித்துவிட்டாரே.

அதன் பிறகு எல்லாச் சாயங்காலமும் அப்படித்தான். சில நாள் போன் பேசி முடித்த பிறகும் இருவரும் அங்கேயே நின்றார்கள். செடி மட்டம் குலைந்து, தலை கலைந்து, இஷ்டத்துக்குக் கிளைவிட்டது. மே மாதம் நுனிகளில் முறுக்கிக்கொண்டு மொட்டுகள். எடவப்பாதியின் முதல் மழை பெய்து ஓய்ந்த காலையில் வெள்ளைவெளேரென்று பூ. அந்த வாசனையில் அம்மா வைத்த மீன்குழம்பு தோற்றுப்போனது. சித்தி ஒன்றைப் பறித்து அம்மாவுக்கு வைத்தாள், ஒன்றை எனக்கு. சூட்கேஸைக் காலிசெய்து, வீட்டில் கிடந்த பழைய கம்பளிகளை அதில் அடைத்துப் பரண்மேல் ஏற்றினாள்.

அன்று சாயங்காலமும் சித்தப்பா மேட்டுக்குக் கிளம்பினார். நான் வழிமறித்தேன்.

"அதான் பூத்துருச்சே சித்தப்பா. இனிமே கைய விட்டுரலாம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். "அடுத்த வருஷத்துப் பூவுக்கு இப்பவே பாத்துக்கிடணும் ட்டி."

ஒரு செடிக்காக மனிதர் எவ்வளவு பாடுபடுகிறார் என்று வியந்துகொண்டே நான் டியூஷனுக்குப் போனேன்.