கத்தரிக்கு நாங்கள் சொன்ன குற்றம்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முதன்முதலாகக் கத்தரி பிடித்தவள் பக்கத்து லைன் வீட்டுக்காரி. வெட்டினால் கொழுந்து அதில் மாட்டிய பையிலேயே விழும். நாங்கள் கையால் கிள்ளிப் பழகியவர்கள். விரும்பினவர் எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னபோது ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்தாள். முடக்குவாதத்தில் அவள் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. தினசரி எடை வராவிட்டால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். கத்தரி பிடிக்க மட்டும் அந்தக் கை ஒத்துழைத்தது.

தனக்கு ஒதுக்கிய செடி நிரையை முதலில் முடிப்பவள், பின்தங்கியவளுக்கு மறுமுனையிலிருந்து பறித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். வருடக்கணக்கில் அவளுக்கு நான் கொடுத்திருக்கிறேன். கத்தரி வந்த இரண்டாம் நாள் அவள் முந்திக்கொண்டு என் நிரைக்கு வந்தாள்.

"நீங்க சித்த இடுப்ப நிமுத்துங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்கறனுங்க."

"என்ற கூடைக்குக் கத்தரி எலை வேண்டாம்" என்றேன். அதோடு சாப்பாட்டுக்கும் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

செடி கெட்டுவிடும் என்றோம், முற்றல் இலை சேருகிறது என்றோம். எல்லாம் சாக்கு. கை விளங்காதவள் எங்களை முந்துகிறாளே என்ற வயிற்றெரிச்சல்தான். கும்பலாக மேனேஜரிடம் போனோம். முன்னால் நின்று பேசியவள் நான். நன்றாகவே பேசினேன். அன்றே கத்தரியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் வெறுங்கையோடு தவித்துவிட்டு, வீட்டைக் காலி செய்து போனாள். யாரும் வழியனுப்பப் போகவில்லை.

இரண்டு வருடத்தில் ஆள் பற்றாக்குறை. எல்லாருக்கும் கத்தரி கொடுத்தார்கள். வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டோம். ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்தோம். அவள் பேச்சை ஒருத்தியும் எடுக்கவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மங்கள், நானும் சேர்த்துத்தான்.

போன மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில், ஒரு டீக்கடையின் பின்னால் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்புவதற்குள் பார்த்துவிட்டாள்.

"இப்ப எல்லாருக்கும் கத்தரிதானாமுங்க?"

"ஆமா."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"பச்சத்தண்ணி கைக்கு ஆகலீங்கக்கா. கத்தரின்னா இன்னும் புடிப்பனுங்க. மேனேஜர்கிட்ட எனக்காவ ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க பேசுனா அவரு கேப்பாருங்க."

சொல்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.