விசிலுக்கு விளக்கம் தேடிய தோழர்

சினிமாச் சுவரொட்டி கண்ணில் பட்டால் போதும், தணிகாசலம் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். மணவாள நகர்ச் சுவரில் பசை காயாமல் சிரிக்கும் கதாநாயகனை முறைத்து, "நம்ம கூட்டத்துக்கு வர்ற சனத்த இவன்தான் அள்ளிக்கினு போறான்" என்று முனகிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்.

பம்பு கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். ஞாயிறுதோறும் கட்சிக் கிளையில் தொழிலாளர்களுக்கு மார்க்சிய வகுப்பு எடுத்தவர். மனைவி சம்பூர்ணம் கறிக்குழம்பு வைத்துக் கூப்பிட்டாலும், வகுப்பு முடியாமல் வரமாட்டார். அவருக்கு அதுதான் உயிர்.

எழுபத்திரண்டாம் வருஷம் கம்பெனி கதவடைத்தது. அதை எதிர்த்துக் கம்பெனி வாசலில் கட்சி போட்ட கூட்டத்துக்கு வந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அன்று மாலை டூரிங் டாக்கீஸிலோ மண்தரை கொள்ளாத கூட்டம். வயிறு காய்கிறவன் ஏன் கொதிக்கவில்லை என்ற கேள்வி அவரை அரித்தது. சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைக்க, அகராதியும் கையுமாகப் படித்தார். அது சொன்ன கதை இதுதான்: முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் ஆலைகள் இருந்தன, சங்கங்கள் இருந்தன, புரட்சி மட்டும் தோற்றது. தொழிலாளிகளிலும் பலர் ஹிட்லரின் நாஜிக் கொடியின் பின்னால் போனார்கள். ஏன் என்று கேட்ட, அந்நாட்டு பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், மார்க்சியத்தோடு பழைய ஜெர்மன் தத்துவத்தையும் மனோதத்துவத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். முதலாளித்துவம் சரக்கை மட்டுமல்ல, சினிமா போன்ற கேளிக்கைகளால் நம் ஆசையையும் சிரிப்பையும்கூடத் தயாரிக்கிறது என்றார்கள். தணிகாசலத்துக்குத் தூக்கம் போயிற்று.

கிளைக் கூட்டத்தில் சுயவிமர்சனம் உண்டு. அவரவர் தம் குறையைச் சொல்ல வேண்டும். இவர் அந்தப் புத்தகத்தோடு எழுந்து கட்சியின் குறையைச் சொன்னார்.

"கூலிய பத்தியே பேசிக்கினு இருக்கோம். அவன் மனசு இன்னா ஆவுதுன்னு ஒருநாளாவது பாத்தோமா?"

செயலாளர் வீரராகவனுக்குச் சுருக்கென்றது. "காலேஜ்ல குந்திக்கினு எழுதுறவன் பேச்சு மார்க்சியமா தோழரே?"

"அதுவும் மார்க்ஸ் ஊட்ல பொறந்த புள்ளதான். அப்பன கேள்வி கேட்டா புள்ள இல்லன்னு ஆயிடுமா?"

"சொன்னத வாபஸ் வாங்குங்க. இல்லன்னா வகுப்ப உட்டுடுங்க."

வாங்கவில்லை. வகுப்பு போயிற்று. அந்தக் கசப்பு இன்னும் அவர் நாக்கை விட்டு இறங்கவில்லை. ஞாயிறு வந்தால் சவரம் செய்து சலவைச் சட்டை போட்டுக்கொள்கிறார், போக இடமில்லை.

போன ஞாயிறு சம்பூர்ணம், "ஊட்ல குந்திக்கினு என்ன பேஜாரு பண்ணாத. அப்டி இன்னாதான் காட்றான்னு ஒருதபா வந்து பாரேன்" என்று டாக்கீஸுக்கு இழுத்துப் போனாள். மண்தரையில் அவருடைய பழைய மாணவர்கள், நடுவில் வீரராகவன். திரையில் கதாநாயகன் ஆலை முதலாளியை ஓங்கி அறைந்தான். விசிலில் கொட்டகை அதிர்ந்தது. சம்பூர்ணம் திரும்பிப் பார்த்த பிறகுதான், தானும் கை தட்டிக்கொண்டிருப்பது தணிகாசலத்துக்குத் தெரிந்தது.

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.