ஒழுகாத கொரம்பு

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் ஓடையில், எங்கள் ஊருக்கு மேலே, மழை ஓய்ந்ததும் வருஷா வருஷம் கொரம்பு போடுவார்கள். மணல், மண், தழை, வைக்கோல் எல்லாம் போட்டு ஓடைக்குக் குறுக்கே எழுப்புகிற கரைக்குத்தான் அந்தப் பெயர். அடுத்த வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அதுவரை தண்ணீரை மறித்து எங்கள் வாய்க்காலில் திருப்பிவிடும். வாய்க்காலில் வருவதை முறை வைத்து வயல்களுக்குப் பாய்ச்சிக்கொள்வோம்.

அந்தக் கொரம்பு ஒழுக வேண்டும். ஒழுகுகிற தண்ணீர்தான் கீழே இருக்கிற ஊரின் பங்கு. எங்கள் பேச்சில் அது கீழூர். அவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொரம்பு போட்டு எங்கள் ஒழுகலைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் கொரம்பு போடும் நாளில் கீழூர் ஆட்களும் வருவார்கள். தழை அவர்கள் கொண்டுவருவார்கள், சோறு நாங்கள் ஆக்கிப் போடுவோம். கடைசித் தழைக்கட்டை வைப்பது கீழூர்க்காரர் கையாகத்தான் இருக்கும். எவ்வளவு நெருக்கி வைப்பது என்பது அவர்கள் இஷ்டம். ரொம்பத் தளர்வாக வைத்தால் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போய்விடும், இரண்டு ஊருக்கும் இல்லாமல் போகும். அதனால் அவர்களும் பேராசைப்பட்டதில்லை. பாசன சங்கம், தலைவர், கூட்டம் எல்லாம் பிற்பாடு வந்தவை.

என் அக்காவைக் கீழூரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்குச் சொந்த நிலம் கிடையாது. வாரத்துக்குப் பயிர் வைக்கிறார்கள். விளைவதில் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிற ஒருவர், போர்வெல் போட்டுக்கொள்கிறேன், நிலத்தைக் கொடு என்று கேட்டுக்கொண்டிருப்பதாக நிலத்துக்காரர் போன அறுப்பிலேயே காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார். இந்த நெல் வீடு வந்து சேர்ந்தால் நிலம் அக்கா கையில் இருக்கும். இல்லாவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் தியாகதுருகம் பஸ் ஏறிக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

இந்தத் தடவை ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கணுக்கால்கூட நனையாத அளவுக்குத்தான் ஓடையில் தண்ணீர் வந்தது. பால் சொசைட்டி வாசலில் சங்கக் கூட்டம் போட்டார்கள். தலைவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு துண்டு நிலம் என் பெயரில் இருப்பதால் நானும் உறுப்பினர், போய் உட்கார்ந்திருந்தேன்.

"மக்காச்சோளம் காய வெக்கிற தார்ப்பாய் வூட்டுக்கு வூடு கெடக்குது. ரெண்டு மூண உள்ள விரிச்சி மேல மண்ணப் போட்டா ஒரு சொட்டு வெளிய போவாது" என்றார் மாமா.

"அப்ப கீழூருக்கு இன்னாங்க மாமா பண்றது?" என்று கேட்டேன்.

"நமக்கே கம்மியா இருக்குது. மொதல்ல நம்ம கழனி நனையட்டும். கடைசிக் கழனி வரைக்கும் ஒரு சுத்து முடிஞ்சதும் அவங்களுக்குத் தொறந்து வுடலாம்."

பின்னாலிருந்து ஒருவர், "அக்கா வூட்டுக்குப் பேசுது" என்றார். சிரித்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அக்கா வூட்டுக்குத்தாங்க பேசறேன். உங்க வூட்டுல யாரும் கீழூர்ல பொண்ணு குடுக்கலையா?" என்றேன். பாதிப் பேர் கொடுத்தவர்கள். ஆனாலும் முடிவு மாறவில்லை. கீழூருக்குச் சொல்லி அனுப்பாமலே கொரம்பு எழும்பியது. அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை, டீயும் வடையும்தான். இவ்வளவு நேர்த்தியாகக் கொரம்பு போட்டதே இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்ததும் அக்கா போன் செய்தாள். "தண்ணி வரவே இல்லடி. கதுரு வெளிய வர்ற நேரம். இன்னும் ஒரே ஒரு தண்ணி பாஞ்சா போதும், தேறிக்கும்." குரலில் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அக்காவின் வீட்டுக்காரர் கொரம்பைப் பார்க்க வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் கூடப் போனோம். கரையின் கீழ்ப்பக்கம் காய்ந்து வெடித்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து தார்ப்பாயின் நீல விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், "இழுத்துப் போட்டுர்றேன், வர்றது வரட்டும்" என்று குனிந்தார். அக்காவின் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம். மண்ணு பூரா இது மேலதான் ஒக்காந்துக்கினு இருக்குது. இத இழுத்தா கொரம்பே கூட வந்துடும். உங்களுக்கும் இல்லாம போவும். நீங்களாவது பாய்ச்சிக்குங்க."

இப்படிப் பேசுகிற மனுஷனை வைத்துக்கொண்டுதான் கீழூர்க்காரன் கீழூர்க்காரன் என்று கூட்டத்தில் பேசினார்கள்.

அந்த வாரமே எங்கள் முறை வந்தது. எங்கள் நிலத்தில் மரவள்ளி, சேர்ந்தாற்போல் சில நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும். வாய்க்காலில் கொஞ்ச தூரத்தில் ஒரு மடை உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் திரும்ப ஓடையில் போய் விழும். எங்கள் முறைத் தண்ணீரை அப்படியே கீழூருக்கு விட்டுவிடுகிறோம் என்று மாமாவிடம் சொன்னேன். "உன் மொற, உன் இஷ்டம்" என்றார். தடுக்கவில்லை; அதில் அவருக்கும் ஒரு நிம்மதி இருந்தது போலத் தெரிந்தது. அக்காவுக்குப் போன் செய்து, உங்க கொரம்பில் ஆளை நிறுத்தி வை, தண்ணி வருது என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

விடிந்ததும் மடையைத் திறந்தோம். தண்ணீர் சலசலவென்று ஓடையில் இறங்கியது. நான் அதன் கூடவே நடந்தேன். ஒரு முழுப் பகல் தண்ணீர் அல்லவா, அக்காவின் வயல் முழுக்கப் பாய்ந்து பக்கத்து வயலுக்கும் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தேன். முதல் வளைவு வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. அதற்கப்புறம் வேகம் குறைந்தது. புளியமரத்துப் பள்ளத்தில் தண்ணீர் நின்று நுரைத்தது. நான் வெறுங்காலோடு முன்னே போய் மணலைக் கிளறிப் பார்த்தேன். முழங்கை ஆழத்துக்கும் சுடுசோறு மாதிரி உதிர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அந்த ஒழுகல் இராப்பகலாகச் சொட்டிச் சொட்டி ஓடை முழுவதையும் ஈரமாக வைத்திருந்தது. நனைந்த மணல் மேல் வந்த தண்ணீர் வழுக்கிக்கொண்டு கீழூர் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் தார்ப்பாய் போட்டு அடைத்ததில் மணல் அடிவரைக்கும் காய்ந்து கிடந்தது. நான் விட்ட தண்ணீரையெல்லாம் அது குடித்துக்கொண்டே இருந்தது.

மதியம் தாண்டி ஒரு வளைவில் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஓடைக்குள் அக்கா மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தாள். காத்திருந்து பொறுக்காமல் தண்ணீரைத் தேடி மேலே ஏறியிருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் முன்னால் ஈரம் முடிந்துவிட்டிருந்தது. அதற்கப்பால் அவள் வரைக்கும் வெறும் மணல்.

"இம்மாந் தூரந்தான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் வந்துக்கினுதான் இருக்குதுக்கா" என்றேன். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாயும்வரை ஈரம் ஒரு ஆள் நீளம்கூட நகரவில்லை. அடுத்த நாள் முறை வேறு ஒருவருடையது. சொன்ன நேரத்துக்கு மடையை அடைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் கடைசிக் கழனி வரைக்கும் பாய்ந்தது. மாமா சொன்ன சொல் தவறாமல் ஆள் வைத்துக் கரையை ஒரு ஓரமாக வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது மெல்ல மெல்ல மணலை நனைத்துக்கொண்டு கீழூருக்குப் போயும் சேர்ந்தது. அதற்குள் அக்காவின் வயலில் கதிர் வெளுத்துப் பதராகிவிட்டது. நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, தையில் ஏர் பூட்ட வேண்டும், வயலைக் காலி பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் தட்டுப்பாட்டில் தீவனமும் தட்டுப்பாடு. ஒரு நாள் மாமா டிராக்டரில் பச்சையும் பழுப்புமாகத் தாளோடு அறுத்த நெற்பயிரை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகை முன்னால் இறக்கினார். கட்டுப் போட்டிருந்த விதத்தில் எங்கிருந்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அம்மா வீட்டில் அப்படித்தான் தாளை இரண்டு சுற்று முறுக்கிச் செருகுவார்கள். ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

கட்டை அவிழ்த்து மாட்டுக்குப் போட்டேன். போடாமல் என்ன செய்வது, மாடு பசியாக இருந்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"கட்டு வந்து சேந்துச்சாடி?"

"வந்துச்சுக்கா."

"மாடு திங்குதா? சில மாடு பதுரு திங்காது."

"நல்லா திங்குதுக்கா" என்றேன்.