இசைவாணியின் கிராபிக்ஸ் கார்டு

பத்தாவது நிமிடத்தில் வீடு உடைந்தது. முன்வாசல் தூணில் பச்சைச் சதுரங்கள் முளைத்தன. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊதாக் கோடுகள் குறுக்கே ஓடின. பிறகு திரை முழுக்கக் கறுத்துவிட்டது. கணினிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. போட்டுவைத்திருந்த பாட்டுகூட நிற்கவில்லை. படம் மட்டும் போய்விட்டது.

ஞாயிறு காலையிலிருந்து இது நான்காவது முறை. இசைவாணி சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உடைந்தது குந்தவை அக்காவின் வீடு, இன்னும் கட்டாத வீடு. செவ்வாய்க்கிழமை வாஸ்து நாள். ஐப்பசியில் அந்த ஒரு நாளை விட்டால் அப்புறம் கார்த்திகைதான். சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் அவள் கணவர் சதீஷுக்கு அதுவரை லீவு கிடையாது. குத்தாலம் பக்கத்தில் இப்போதெல்லாம் பூமி பூஜை என்றால் மனையில் வீட்டின் முகப்புப் படம் பெரிய ஃப்ளெக்ஸாக நிற்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடு என்றால் கேட்கவே வேண்டாம், செங்கல்லுக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். அச்சடிக்கிற கடைக்குத் திங்கள் காலை படம் போயாக வேண்டும்.

இரண்டு வருடமாக இசைவாணி வீட்டில் உட்கார்ந்து கும்பகோணத்து இன்ஜினியர் ஒருவருக்கு முகப்புப் படங்கள் வரைந்து கொடுக்கிறாள். படத்தின் மூலையில் அவர் பெயர்தான் வரும். இந்த வீடு மட்டும் அவளுக்கென்று வந்தது. அதுவும் அம்மா கண்ணாத்தாளின் வாயால் வந்தது. சதீஷின் அப்பா பஞ்சநதத்திடம்தான் கண்ணாத்தாள் இரண்டு மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருக்கிறாள். முன்பு அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவள். வரப்பில் நின்று அவர் புது வீட்டுப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க வாணி போட்டுத் தரும்ங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். படம் வராவிட்டால் அந்த வார்த்தை அந்த வரப்பிலேயே நிற்கும். அதன் பிறகு இசைவாணியிடம் யாரும் படம் கேட்கப்போவதில்லை.

அவள் தமிழ்மாறனுக்குப் போன் போட்டாள். கல்லூரியில் பக்கத்து வகுப்பு. ஒரு வருடத்தில் படிப்பை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கடை வைத்தவன். படத்தைத் திரைக்கு அனுப்பும் இந்தக் கிராபிக்ஸ் கார்டைப் பழையதாக, குறைந்த விலைக்குக் கொடுத்தவனும் அவன்தான். போனில் மேளச்சத்தம் கேட்டது.

"மாறா, ஸ்கிரீன்ல சதுரம் சதுரமா வருதுடா. அப்புறம் கறுத்துடுது."

"கார்டு அவ்ளோதான். பழைய கார்டு, ஓடுற வரைக்கும் ஓடும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"வந்து பாக்கிறியா?"

"நான் வேதாரண்யத்துல மச்சான் கல்யாணத்துல கெடக்குறேன். நாளைக்கு ராத்திரிதான் வருவேன். ஏய், நீதான கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சவ. மானிட்டரா, கேபிளா, கார்டான்னு ஒண்ணு ஒண்ணா கழிச்சுப் பாரேன்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

ஊரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அந்தத் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் கணினியில். ஆனால் மூன்று வருடப் படிப்பில் ஒரு கம்ப்யூட்டரைக்கூட அவள் கழற்றிப் பார்த்ததில்லை. லேபில் இருந்த மெஷினைத் தொட விடமாட்டார்கள். மதர்போர்டைப் பென்சிலால் நிழலடித்து ரெக்கார்டு நோட்டில் வரைந்தாள். பத்துக்குப் பத்து போட்டார்கள். படித்தது என்ன, தெரிந்தது என்ன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் பட்டம் வாங்கிய அன்றே தொடங்கியது. இதுவரை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு இந்தப் பெட்டி கேட்டது.

சரி, கழிப்போம் என்று எழுந்தாள். கூடத்திலிருந்த டிவியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள்.

"நாடகம் பாத்துக்கிட்டு இருக்கேன்ல?" என்று பின்னாலேயே வந்தாள் கண்ணாத்தாள்.

"பத்து நிமிஷம்மா."

டிவிக்குச் சொந்தமான கேபிளையே போட்டு, வரைந்ததைக் கணினி முழுப் படமாக்கும்படி ஓடவிட்டாள். திரையில் வீடு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. கண்ணாத்தாள் நாடகத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் ஆனது.

"என்னடி, தூணுல பாசி புடிச்சிருக்கு?"

இசைவாணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது. வேறு திரை, வேறு கேபிள், அதே பச்சை. அப்படியென்றால் மானிட்டரும் இல்லை, கேபிளும் இல்லை. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினாள், மாற்றமில்லை. அடுத்து கேபிளைக் கார்டிலிருந்து உருவி, மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகி, கார்டின் துணையில்லாமல் ஓடவிட்டாள். ஒரு மணி நேரம் ஒரு சதுரம்கூட வரவில்லை. ஆனால் வேலையும் நகரவில்லை; அந்த வேகத்தில் ஓடினால் படம் முடிய வியாழக்கிழமை ஆகும்.

ஆக, கார்டுதான். தமிழ்மாறன் பார்க்காமலே சொன்னதைத்தான் அவள் மத்தியானம் வரை பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். ஆனாலும் இப்போது அது அவளுக்கே தெரிந்த விஷயம்.

கேபிளை மறுபடி கார்டுக்கு மாற்றிவிட்டு, வெப்பம் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்றை இறக்கி ஓரத்தில் வைத்தாள். எண் ஏறியது. அறுபது, எழுபத்தைந்து, எண்பத்தெட்டு. தொண்ணூற்றேழைத் தொட்டபோது தூணில் பாசி வந்தது. திரை கறுத்தது.

வெளியே அடைமழை. கண்ணாத்தாள் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தாள். சித்திரையில் வெக்கை தாங்காமல் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிய இசைவாணி அதை இன்னும் மாட்டவேயில்லை, காற்றுக்கும் குறைவில்லை. அந்தச் சித்திரையிலேயே ஒழுங்காக ஓடிய கார்டு, ஐப்பசி மழையில் ஏன் இப்படிக் கொதிக்கிறது? கார்டு போய்விட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் சூடு எதற்கு ஏறுகிறது என்பதற்கு அது பதிலாகாதே.

பெட்டி மேசைமேல் இருந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் கார்டின் கறுத்த முதுகுதான் தெரியும். பிளக்கைப் பிடுங்குவதற்காகத் தரையில் மண்டியிட்டாள். ஸ்விட்சு போர்டு கீழே இருந்தது. பிடுங்கிவிட்டுத் தலையை உயர்த்தியவள் மண்டியிட்டபடியே அண்ணாந்து பார்த்தாள்.

கார்டின் அடிவயிற்றில் இரண்டு விசிறிகள். ஒன்று இன்னும் மெதுவாகச் சுற்றி அடங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று அசையவே இல்லை. அதன் குறுக்கே, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை, மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனப் பட்டை. நடுவில் குங்குமம்.

"அம்மா!"

"என்னா?"

"இந்த விசிறில சந்தனம் யாரு வச்சது?"

"நாந்தான். சரஸ்வதி பூசை அன்னைக்கு நீ பொரி வாங்கப் போயிருந்தியே, அப்ப." கண்ணாத்தாள் பெருமையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேலயெல்லாம் நீயே பொட்டு வச்சிட்ட. நான் கீழ குந்திப் பாத்தேன், உள்ள ரெண்டு விசிறி. சுத்துற சாமானுக்குப் பட்டை போடாம விடலாமா? மோட்டாருக்குப் போட்டேன், மருந்தடிக்கிற மிஷினுக்குப் போட்டேன், இதுக்கும் போட்டேன்."

"இது ஏன் இப்படிச் சிமென்ட்டு மாதிரி இருக்கு?"

"உதிரக் கூடாதுன்னு சோத்துக் கஞ்சியில கரைச்சேன்."

"இன்னொரு விசிறிக்கு?"

"சந்தனம் தீந்துபோச்சுடி. மறுபடி கரைக்கலாம்னு எந்திரிச்சேன், நீ வந்துட்ட."

கஞ்சியில் கரைத்த சந்தனம் விசிறியின் இதழ்களையும் சுற்றுச் சட்டத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது. பூஜைக்குப் பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்னப் பிளான் வேலை. கார்டுக்கு அதிகம் சூடேறவில்லை. குந்தவை அக்காவின் வீடுதான் அதற்கு முதல் கனமான வேலை.

மகளின் முகத்தைப் பார்த்த கண்ணாத்தாளுக்கு ஏதோ புரிந்தது. "அதனாலதான் பாசி புடிச்சுதா?" குரல் இறங்கிவிட்டது. "நான் நல்லதுக்குத்தான..."

"நல்லவேளை சந்தனம் தீந்துச்சு. ரெண்டுக்கும் போட்டிருந்தீன்னா கார்டு கருகியிருக்கும்," என்று சொல்லும்போதே இசைவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இனி கழற்ற வேண்டும். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ஒரு திருகை எடுத்து, பின்பக்கத்துக் கொக்கியை அழுத்தியதும் கார்டு கையோடு வந்தது. நினைத்ததைவிடக் கனம். ரெக்கார்டு நோட்டில் நிழலடித்தபோது இந்தக் கனம் தெரியவில்லை.

கண்ணாத்தாள் விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்குச்சிகளாகப் பார்த்து உருவிக் கொடுத்தாள். நுனியில் துணியைச் சுற்றி, ஈரம் பட்டும் படாமலும், இதழ் இதழாகத் துடைத்தாள் இசைவாணி. கஞ்சி இளகியது. சூடேறிய தூசியோடு சேர்ந்து சந்தனம் மணத்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு விரலால் லேசாகச் சுண்டினாள். விசிறி மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. நன்றாகக் காயும் வரை அம்மா கார்டை முறத்தில் வைத்துக் காவல் இருந்தாள். தொடக்கூடாது என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மாட்டினாள். ஓடவிட்டாள். அறுபது, எழுபது, எழுபத்தாறு. எழுபத்தொன்பதில் எண் நின்றது. பத்து நிமிடம் போனது, இருபதும் போனது. தூண் தூணாகவே நின்றது. கண்ணாத்தாள் கூடத்துக்குப் போய் டிவி இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வீடு வளர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சன்னல் ஏன் இவ்வளவு சின்னது?"

"அவங்க கேட்டதும்மா."

விளக்கு வைக்கிற நேரத்தில் படம் முடிந்தது. மூலையில் தன் பெயரைப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில் பட்டத்தைப் போடலாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு யோசிக்காமல் போட்டுவிட்டாள். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் குந்தவை அக்கா கூப்பிட்டாள்: "வாணி, இந்த வீட்டுக்குள்ள இப்பவே போயி உக்காரணும்போல இருக்கு. எங்க நாத்தனா வீட்டுக்கும் உன்கிட்டயே கேக்கச் சொல்றாரு அவரு."

தமிழ்மாறனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: கார்டு போகல, விசிறிக்குச் சந்தனம் வச்சிருந்தாங்க. அவன் ஏழு சிரிப்பு முகங்களை அனுப்பிவிட்டு, 'யாரு கண்டுபுடிச்சது?' என்று கேட்டான். 'நான்தான்' என்று எழுதியபோது விரல் தயங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. மனையில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஃப்ளெக்ஸ் விறைப்பாக நின்றது. வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், மூலையில் இருந்த பெயரைப் படித்தார்கள். குந்தவை சந்தனக் கிண்ணத்தைக் கண்ணாத்தாளிடம் நீட்டினாள்.

"கண்ணாத்தாக்கா, ஃப்ளெக்ஸுக்கு நாலு மூலையிலயும் பொட்டு வச்சிடுங்க."

கண்ணாத்தாள் விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். ஃப்ளெக்ஸிடம் போனவள் பாதியில் நின்று மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வைக்கலாமா?"

"வைம்மா. இதுல எதுவும் சுத்தல," என்றாள் இசைவாணி.