விரத நாளில் ஒரு சட்டி மீன்

கல்கத்தாவில் படிக்கப் போன என் அண்ணை, பட்டத்தோடு ஒரு வங்காளப் பெண்ணையும் கலியாணம் கட்டிக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தார். அம்மா மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானோ முதல் நாளே மச்சாளின் சங்கு வளையல்களைப் போட்டுப் பார்க்கக் கேட்டேன். தரவில்லை. எனக்கும் கொஞ்சம் கோபம்தான்.

இரண்டு வருடம் கழித்து, அண்ணை கொழும்புக்குப் போன நேரம் சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஒரு மாதமாகக் கடிதமில்லை. அதற்குள் நல்லூர்க் கோயிலில் கொடி ஏறியது. திருவிழா இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி கிடையாது. மகன் உயிரோடு வரவேண்டுமென்று அம்மா அந்த முறை ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் பிடித்தார். மச்சாளும் முணுமுணுக்காமல் மரக்கறி சாப்பிட்டாள். “என்ரை மருமகளைப் பாருங்கோ” என்று அம்மா அயலெல்லாம் பெருமையடித்தார்.

ஏழாம் நாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடியே மச்சாள் அழுதாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. “கத்தரிக்காய் அவ்வளவு மோசமோ?” என்றேன்.

அவள் எங்கள் தமிழிலேயே சொன்னாள்: “எங்கடை ஊரிலை புருசன் செத்தவள்தான் மீன் சாப்பிடமாட்டாள். போன வருசம் அவர் பக்கத்திலை இருந்தார், பயமில்லை. இப்ப ஒவ்வொரு நாளும் நானே அவரைச் சாகக் குடுக்கிற மாதிரி இருக்கு.”

கேட்டிருக்க வேண்டாம் என்றாகிவிட்டது. அடுப்படியில் நின்ற அம்மாவுக்கும் எல்லாம் கேட்டது.

மறுநாள் காலை அம்மா என்னைச் சைக்கிளில் சின்னக்கடை மீன்சந்தைக்கு அனுப்பினார். “விளைமீன் வாங்கு. மேலை கீரையைப் போட்டு மூடு. ஆரும் கேட்டால் கீரையெண்டே சொல்லு.”

கிணற்றுக்கு அப்பால், வாழைகளின் மறைவில் மூன்று கல் வைத்து, புதுச்சட்டியில் அம்மாவே காய்ச்சினார். விரதக்காரி உப்புப் பார்க்க முடியுமா? சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கைக்கணக்கில் போட்டார். பிறகு கிணற்றில் தலை தோய்ந்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். மச்சாள் ஒரு துண்டு மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. திருவிழா முடியும்வரை தினமும் இதே கூத்துத்தான்.

திருவிழா முடிந்து நாலாம் நாள் அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் முழுசாக வந்திருந்தார். கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“விரதத்திலை மீன் காய்ச்சினனீங்களோ, அம்மா?”

“உனக்காக அவள் சாப்பிட வேணும், நான் சாப்பிடக்கூடாது. அப்ப வேறை ஆர் காய்ச்சிறது?”

மச்சாள் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, அத்தனை நாளும் சொல்லாததைச் சொன்னாள்:

“மாமி, உப்புத்தான் நல்லாக் கூடிப்போச்சு.”